ஈரலின் களஞ்சியமும் அதன் பூட்டும்

இரவு எட்டு மணிக்கு உணவை முடித்துக்கொண்டு உறங்கச் செல்பவர், மறுநாட் காலைத் தேநீர் வரை எதனையும் உட்கொள்வதில்லை. ஆயினும் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸ் ஒரு கணமும் தடைப்படுவதில்லை. ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் அளவில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாப்பொருளே இரவில் பெரும்பாலும் கைகொடுக்கிறது. இக்களஞ்சியத்தைத் திறப்பதும் பூட்டுவதும் எது? விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் பிடித்தது.

1855இல் பாரிஸில் குளோட் பேர்னார்ட் ஒரு நாயின் ஈரலைச் சீனி முற்றாக நீங்கும் வரை நீரினாற் கழுவி வைத்தார். மறுநாள் பார்த்தபோது அதே ஈரலிற் சீனி மீண்டும் நிறைந்திருந்தது. ஈரல் தன்னுள் வைத்திருக்கும் ஏதோவொன்றிலிருந்தே சீனி பிறக்கிறது என்பது அன்று புலனாயிற்று. 1857இல் அவர் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார்.

அடுத்த பெரும் பாய்ச்சல் பிராக் நகரில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தம்பதியருடையது. கார்ல் கோரி, கேர்ட்டி கோரி இருவரும் கிளைக்கோஜனை உடைக்கும் பொஸ்போரிலேஸ் என்ற நொதியத்தைக் கண்டுபிடித்தனர். அந்நொதியம் செயலூக்கமுள்ளது, செயலற்றது என இரு வடிவங்களில் இருப்பதையும் காட்டினர். 1931இல் சென் லூயிஸ் நகரின் வோஷிங்டன் பல்கலைக்கழகம் கணவருக்குத் துறைத்தலைவர் பதவியை வழங்கியது. அவருக்குச் சமமாக ஆய்வு செய்த மனைவிக்கோ அற்ப ஊதியத்தில் ஆய்வு உதவியாளர் பதவி. நோபல் பரிசு கிடைத்த 1947ஆம் ஆண்டில்தான் அவர் பேராசிரியரானார். மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வடிவம் மற்றதாக மாறுவது எவ்வாறு என்பதில் கோரி தம்பதியரின் விளக்கம் தவறிவிட்டது. சரியான விடை வந்த வழி விந்தையானது. சியாட்டிலில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் தசைச்சாற்றை வடிதாளில் வடிப்பதற்குப் பதிலாக மையநீக்கியிற் சுழற்றியபோது, செயலற்ற நொதியமே கிடைத்தது. மீண்டும் தாளில் வடித்தால் செயலூக்கமுள்ள நொதியம்! தாளிலிருந்து கசிந்த கல்சியமே காரணம். அதைத் தொடர்ந்து சென்ற இருவரும், நொதியத்தில் ஒரு பொஸ்பேட் ஒட்டினால் அது விழிக்கும், கழன்றால் உறங்கும் என்பதை 1955 அளவில் நிறுவினர்.

ஈரலிலும் இவ்வாறே நிகழ்வதை கோரி ஆய்வுகூடத்தில் வளர்ந்த ஏர்ள் சதர்லாந்து கண்டார். ஆனால் அதிரினலின் அதனை எவ்வாறு ஏவுகிறது? கிளீவ்லாந்தில் அவரது குழுவினர் ஈரல் அரைசலைச் சுழற்றித் தெளிவை மட்டும் எடுத்தபோது ஹோர்மோன் பயனற்றுப்போயிற்று. வண்டலைத் திரும்பச் சேர்த்ததும் பலித்தது. வண்டலிலிருந்த உயிரணுச் சவ்வுத் துண்டுகள், ஹோர்மோன் பட்டதும் சூட்டுக்கு அழியாத ஒரு சிறு மூலக்கூறை உண்டாக்கின. அதுவே சைக்கிளிக் ஏ.எம்.பி. 1971இல் அவருக்கு நோபல் கிடைத்தது. கிரெப்ஸும் ஃபிஷரும் 1992 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்னொரு நயமும் உண்டு. உடைக்கும் நொதியத்தை விழிக்கச் செய்யும் அதே பொஸ்பேட், கிளைக்கோஜனைக் கட்டும் நொதியத்தை உறங்கச் செய்கிறது. ஆகவே பட்டினியில் குளுக்ககோன் சுரக்கையில் களஞ்சியம் திறக்கிறது. நிரப்பும் வேலை நிற்கிறது. உண்டபின் இன்சுலின் இதனைத் தலைகீழாக்குகிறது. குளுக்கோஸும் சும்மா இருப்பதில்லை. ஈரலின் பொஸ்போரிலேஸில் அது தானே போய் ஒட்டி, பொஸ்பேட்டைக் கழற்றும் நொதியத்துக்கு வழிவிடுகிறது. நீரிழிவில் இன்சுலினின் சொல் ஈரலில் எடுபடாதபோது, எதுவும் உண்ணாமல் இரத்தப் பரிசோதனைக்குச் செல்பவரின் காலைச் சீனியும் உயர்ந்தே நிற்கிறது.