வயதும் அறிவளவும்

ஓர் எண்ணைக் காட்டி, "இப்பிள்ளையின் அறிவு இவ்வளவே" என்று தீர்ப்புக் கூறலாமா? அந்த எண் தோன்றிய வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1904-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு, படிப்பில் பின்தங்கிய குழந்தைகட்கு வழிகாண ஒரு குழுவை அமைத்தது. அதன் பயனாக ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் 30 சோதனைகளை வகுத்தனர். 1908-இல் அவற்றை விரிவாக்கி வயதுவாரியாக அடுக்கினர். எட்டு வயதுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் செய்வதை ஒரு பிள்ளை செய்தால் அதன் மனவயது 8. உதவி வேண்டுவோரை அறியவே இக்கருவி. மாறாத முத்திரை குத்துவதற்கு அன்று என்பதே பினேயின் கருத்து.

1912-இல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுத்தார். 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதனை 100-ஆல் பெருக்கினார். நுண்ணறிவு ஈவு இவ்வாறு பிறந்தது.

ஆயின் வயது ஏறிக்கொண்டே போகும். மனவயதோ அவ்வாறு ஏறுவதில்லை. மனவயது 16 உள்ள நாற்பது வயதினரின் ஈவு 40 என்றாகிவிடும்! ஆகவே பெரியவர்க்கெல்லாம் 16 என்றே வகுக்க நேர்ந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரரைச் சோதித்து, அவர்தம் சராசரி மனவயது ஏறத்தாழ 13 என்றனர். அச்சோதனைகளைக் கொண்டே சில இனத்தார் அறிவில் தாழ்ந்தோர் என்று கார்ல் பிரிகாம் 1923-இல் நூல் எழுதினார். 1930-இல் அம்முடிவுகள் அடிப்படையற்றவை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

1939-இல் நியூயார்க்கின் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டு, ஒருவரை அவர் வயதினரோடு ஒப்பிட்டார். அவர்தம் சராசரியே 100. விரைவு வேண்டும் வினாக்களில் முதியோர் பின்தங்குவர். சொல்வளத்தில் அவ்வளவாகத் தளர்வதில்லை. எனவே இம்முறையே நேரியது.

நம் பெற்றோர் பலர் பிறந்தநாள் அறியாதிருந்த காலத்தில், பள்ளிப் பதிவேட்டில் ஆசிரியர் உத்தேசமாக ஒரு நாளைக் குறித்ததுண்டு. மனவயது 8 உள்ள எட்டு வயதுப் பிள்ளையின் ஈவு 100. பதிவேட்டில் வயது 10 என்றிருப்பின், அதே பிள்ளையின் ஈவு 80! பிள்ளையின் அறிவு மாறவில்லை. மாறியது எழுதுகோலின் பிழையே.

எனவே, பெற்றோரே, பிள்ளையின் பிறந்தநாளைத் தவறாது பதிவு செய்யுங்கள். இளைஞர்களே, எவரேனும் உங்கட்கு ஓர் எண்ணைச் சூட்டினால், "எந்த வயதினரோடு, எவ்விதம் ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதே கல்வி.