கியாஸ்பூரின் நோன்பாளர்

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே வரும் திருக்குறள் விரைவு வண்டி தன் நெடும் பயணத்தை முடித்துக்கொள்ளும் தில்லி நிலையத்தின் பெயர் ஹஸ்ரத் நிஜாமுத்தீன். பிழைப்பை நாடித் தலைநகருக்கு வரும் தமிழர் பலர் இறங்கியதும் படிக்கும் முதற் பெயர் இதுவே. மூட்டை முடிச்சுகளைக் கவனிக்கும் அவசரத்தில், இப்பெயருக்குரியவர் யார் என்று எண்ண நேரமிருப்பதில்லை. ரமலான் மாதத்தைப் பற்றிப் பேச வந்த நாம் அவரைப் பற்றியே பேசப்போகிறோம். பசித்திருத்தல் என்னும் ஒரு செயல் மனிதனை எதுவரை உயர்த்தக்கூடும் என்பதற்கு, இந்நாட்டு வரலாற்றில் அவரினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், மதீனா நகரில் கடமையாக்கப்பட்டது. முன்னிருந்த சமூகத்தாருக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்று நினைவூட்டும் திருக்குர்ஆன், அதன் நோக்கம் இறையச்சம் என்று சுருங்கக் கூறிவிடுகிறது. நோயாளிகளும் பயணிகளும் விட்ட நாட்களைப் பின்னர் நோற்கலாம். நோற்கவே இயலாதார் ஏழை ஒருவருக்கு உணவளிக்க வேண்டும். ஆக, தொடக்கத்திலேயே தன் பசிக்கும் பிறர் பசிக்கும் ஒரு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. இம்முடிச்சை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

நோன்பை முறிப்பவை எவை என்று சட்ட நூலோர் நுணுகி ஆராய்ந்தனர். அது வேண்டியதே. ஆயினும், விதிகளை வழுவாது காத்தும் உள்ளம் அணுவளவும் வளராதிருக்க இடமுண்டு. இதனை அழுத்தமாக எடுத்துரைத்தவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கி, அப்பதவியை 1095இல் துறந்து வெளியேறிய இப்பெரியார், ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் நோன்பை மூன்று படிகளாக வகுத்தார். வயிற்றையும் இச்சையையும் அடக்குவது முதற்படி. கண், காது, நா, கை, கால் ஆகியவற்றைத் தீமையினின்று காப்பது அடுத்தது. நெஞ்சம் இறைவனையன்றி வேறெதனையும் நாடாதிருப்பது மூன்றாவது. அது நபிமார்களுக்கும் மெய்ஞ்ஞானியருக்கும் உரியது.

இவற்றினும் நம்மைச் சுடுவது அவர் கூறும் மிகச் சாதாரணமான ஒரு செய்தி. பகலில் உண்ணாததையெல்லாம் இரவில் ஈடுசெய்துகொள்பவனுக்கு நோன்பால் என்ன பயன் என்று கேட்கிறார். விதவிதமான உணவுகளை ரமலானுக்கென்றே சேர்த்து வைக்கும் வழக்கத்தையும் அன்றே கண்டிக்கிறார். ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தும் இக்கண்டனம் பழையதாகிவிடவில்லை என்பதை நம் அடுக்களைகள் அறியும்.

இனி நிஜாமுத்தீன் அவுலியாவிடம் வருவோம். பதாயூனில் பிறந்த இவர் இளமையிலேயே தந்தையை இழந்தவர். அடுப்பெரியாத நாட்களில், இன்று நாம் இறைவனுடைய விருந்தாளிகள் என்று தாயார் கூறுவாராம். ஒரு சமயம் தொடர்ந்து பல நாட்கள் உணவு கிடைத்துவிடவே, மீண்டும் அவ்விருந்து எப்போது வரும் என்று மகன் ஏங்கத் தொடங்கினார். வறுமையை நாம் போற்றவில்லை. அடுப்பெரியாத வீடு எந்த அரசுக்கும் இழுக்கே. ஆனால் அத்தாயின் சொல், பின்னாளில் அவர் விரும்பி ஏற்ற பசிக்கு வித்தாயிற்று.

இளைஞராக அவர் அஜோதனில் பாபா பரீதின் சீடரானார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் பாக்பட்டன் என வழங்குகிறது. காட்டுக் காய்களை அவித்து உண்பதே அம்மடத்தின் வழக்கம். ஒரு நாள் உப்பில்லை. நிஜாமுத்தீன் கடையில் கடனாகச் சிறிது உப்பு வாங்கிச் சேர்த்தார். உணவில் கைவைத்த ஆசான், கை கனக்கிறது என்று விலக்கிவிட்டார். நாவின் சுவைக்காகக் கடன்படுவதினும் பசியால் மடிவது துறவிக்கு மேல் என்பது அவர் கொள்கை. ஒரு சிட்டிகை உப்பில் அடங்கியிருந்த பாடத்தைச் சீடர் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

பின்னர் யமுனைக் கரையில் கியாஸ்பூரில் அவர் அமைத்த மடத்துக்குக் காணிக்கைகள் வெள்ளமெனப் பெருகின. வந்தோர்க்கெல்லாம் உணவு வழங்கப்பட்டது. அவரோ ரமலானில் மட்டுமன்று, விலக்கப்பட்ட நாட்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் நோன்பிருந்தார். விடியுமுன் பணியாளர் ஸஹர் உணவைக் கொணர்ந்தால் பெரும்பாலும் தொடுவதில்லை. உடல் தளருமே என்று பணியாளர் இறைஞ்சினால், பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் எத்தனையோ ஏழைகள் உண்ணாமல் உறங்குகையில் இவ்வுணவு தொண்டையில் எவ்வாறு இறங்கும் என்று கண்ணீர் விடுவார். 14ஆம் நூற்றாண்டில் அமீர் குர்த் எழுதிய ‘சியருல் அவுலியா’ இதனைக் கூறுகிறது. கஸ்ஸாலி வகுத்த படிகளுள் இது எதில் அடங்கும் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. பசியைப் பொறுப்பவர் ஆற்றலினும் பிறர் பசியை மாற்றுபவர் ஆற்றலே பெரிது என்று ஈகை அதிகாரத்தில் கூறிய வள்ளுவர், இரண்டையும் ஒருங்கே செய்த இவரைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1325இல் இறுதிக் காலம் நெருங்கியபோது, மடத்தில் ஒரு மணி தானியமும் மிஞ்சலாகாது என்று கட்டளையிட்டார். பணியாளர் இக்பால், மடத்திலிருப்போரின் சில நாள் உணவுக்கென்று சிறிது நிறுத்தி வைத்தார். செய்தி எட்டியதும் பெரியவர் சினந்தார். ஏழை மக்களை அழைத்து, களஞ்சியங்களை உடைத்து அனைத்தையும் அள்ளிச் செல்லச் சொன்னார்; பின்னர் தரையைத் துடைப்பத்தால் பெருக்கிவிடவும் பணித்தார்.