கோப்பில் குறையில்லை: பலேர்மோவின் கட்டட அனுமதிகளும் திட்டப் பரிசீலனையின் வரம்பும்

1950களிலும் 60களிலும் சிசிலியின் தலைநகருக்கு நேர்ந்ததை இத்தாலியர் ‘பலேர்மோவின் சூறை’ என்பார்கள். சூறை என்றதும் சட்டம் கண்ணை மூடிக்கொண்ட காலம் என்று நினைக்கத் தோன்றும். பொது நினைவிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. நகரைச் சூழ்ந்த கொன்கா தோரோ சமவெளியின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகள் அடுக்குமாடிகளாக மாறியது பெரும்பாலும் முறையான விண்ணப்பம், வரைபடம், உரிமம், கையெழுத்து எல்லாவற்றோடும்தான். பரிசீலனை இல்லாததால் நகரம் அழிந்தது என்ற விளக்கம் ஆகவே போதாது. பரிசீலனை நடந்தும் ஏன் எதையும் பிடிக்கவில்லை என்பதையே இக்கட்டுரை கேட்கிறது.

1942ஆம் ஆண்டின் இத்தாலிய நகரமைப்புச் சட்டப்படி நகராட்சி முதன்மைத் திட்டம் தீட்டும். அதை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கும். அதன்பின் வரும் கட்டட விண்ணப்பங்களைக் கட்டட ஆணையம் பார்த்துக் கருத்துச் சொல்லும். அது கருத்து மட்டுமே. முடிவு நகராட்சியின் கையில். சிசிலியின் 1946ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சாசனம் நகரமைப்பை அத்தீவின் அதிகாரத்தில் விட்டதால், ரோம் எட்டத்தில் நின்றது. பலேர்மோவின் திட்டம் 1956இல் உருவாகி, 1959இல் திருத்தப்பட்டு, 1962இல்தான் மாநிலத் தலைவரின் ஆணையால் ஒப்புதல் பெற்றது. இந்த இடைவெளியில் தனியார் மனுக்களை ஏற்று நூற்றுக்கணக்கான திருத்தங்கள் நுழைந்தன. பசுமை நிலம் கட்டட நிலமானது, மாடிகள் கூடின. சாலை தன் வீட்டை இடிக்கிறதே என்று முறையிட வரும் சாமானியனுக்காகத் திறந்து வைத்த வாசல் வழியாகத் திட்டமே வெளியேறிவிட்டது. விண்ணப்பம் ஆணையத்தின் மேசைக்கு வரும்போது திட்டத்துக்கு அது பொருந்தித்தான் இருந்தது, திட்டம் ஏற்கெனவே விண்ணப்பத்துக்குப் பொருந்தும்படி மாறிவிட்டதால்.

1958இல் சால்வோ லீமா மேயரானார். அடுத்த ஆண்டு வீத்தோ சான்சிமீனோ பொதுப்பணிப் பொறுப்பை ஏற்றார். அடுத்து வந்த ஐந்தாண்டுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டட உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் கட்டுமானத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்று ஓய்வூதியர்களின் பெயரில் இருந்தன. ஒவ்வொரு கோப்பையும் தனியே எடுத்துப் பாருங்கள்: மனையின் அளவு, மாடிகளின் எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் இருக்கும். பதிவேட்டைப் புரட்டினால்தான் அதே மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆணையம் கோப்பைப் பார்க்கும் அமைப்பு. பதிவேட்டைப் பார்ப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. 1963 ஜூன் 30 அன்று நகரின் புறத்தே சியாகுல்லியில் மாஃபியாவின் கார் வெடிகுண்டுக்கு ஏழு பாதுகாப்புப் படையினர் பலியாகி நாடே கொதித்த பிறகுதான், பெவிவீனோ என்ற அதிகாரியின் விசாரணை நகராட்சியின் உரிமங்களை மொத்தமாக அலசியது. மணலும் கல்லும் வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டிருந்த பிரான்செஸ்கோ வஸ்ஸாலோ நகரின் முதன்மைக் கட்டுமான அதிபரானதும் இந்த ஆண்டுகளில்தான்.

எர்னெஸ்தோ பசீலே வடிவமைத்த வில்லா தெலியெல்லாவின் முடிவு இதற்கு நல்ல சான்று. ஐம்பது ஆண்டு கடக்காத கட்டடத்துக்கு 1939ஆம் ஆண்டின் மரபுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அந்த வரம்பை வில்லா எட்டும் தறுவாயில், 1959 நவம்பர் 28, சனிக்கிழமை, இடிப்பு தொடங்கியது. வார இறுதியில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும். தடையாணை கேட்டு ஓட இடமில்லை. காலக்கெடுவை மீறவில்லை, முந்திக்கொண்டார்கள். அந்த மனை பல பத்தாண்டுகள் வாகன நிறுத்துமிடமாகக் கிடந்தது.

சீர்திருத்தத்துக்கும் சிசிலியே காரணமாயிற்று. 1966 ஜூலை 19 அன்று, அடுக்குமாடிகளால் அளவுக்கு மீறி நெரிந்திருந்த அக்ரிஜென்தோ நகரில் நிலம் சரிந்தது. அடுத்த ஆண்டின் 765ஆம் எண் சட்டம் தனியார் மனைப்பிரிவுகளுக்குக் கடிவாளம் போட்டது. சாலை, வடிகால் போன்றவற்றுக்கான நிலத்தை உரிமையாளர் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். அடிப்படை வசதிகளின் செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு நிதி உத்தரவாதம் தர வேண்டும். இவையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். 1968இன் ஆணை ஒரு குடியிருப்பாளருக்குக் குறைந்தது 18 சதுர மீட்டர் பொது இடம் என்று வரையறுத்தது. இந்தச் சீர்திருத்தத்தின் சிறப்பு, ஆணைய உறுப்பினர்களின் நல்லெண்ணத்தை நம்பாமல் கணக்கை நம்பியதுதான் என்பது என் கருத்து. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் எழுதித் தரச் சொல்லும் தமிழ்நாட்டு விதியின் தர்க்கமும் இதுவே. (இத்தாலியச் சட்டம் கட்டுமானக்காரர்களுக்கு ஓராண்டு அவகாசமும் தந்தது. அந்த ஓராண்டில் உரிமங்கள் மழையாகப் பொழிந்ததைச் சொல்லவும் வேண்டுமா?)

கணக்குக்கும் வரம்பு உண்டு. மொந்தெல்லோ கடற்கரைக்கு மேலே எழும் பீட்சோ செல்லா மலையில், சீர்திருத்தம் வந்து பத்தாண்டு கழித்து, 1978இல் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டட அனுமதிகள் ஒரே நபருக்குக் கிடைத்தன. அவர் மாஃபியாத் தலைவர் மிக்கேலே கிரேக்கோவின் சகோதரி. தலைக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற விதி, அந்த நிலத்தில் குடியிருப்பு வரலாம் என்று தீர்மானித்த பிறகே வேலை செய்யும். வரலாமா என்ற முதல் கேள்வியில் விருப்பதிகாரம் அப்படியே இருந்தது. விண்ணப்பதாரர் யார் என்று கேட்க அப்போதும் யாருக்கும் கடமையில்லை. பின்னாளில் நீதிமன்றங்கள் இதைச் சட்டவிரோத மனைப்பிரிவு என்று கண்டு பறிமுதலுக்கு உத்தரவிட்டன. அதற்குள் மலையில் பாதி கட்டிய கான்கிரீட் எலும்புக்கூடுகளும், நகராட்சித் தாளை நம்பிக் காசு கொடுத்தவர்கள் குடியிருந்த வீடுகளும் நின்றன. குற்றம் செய்யாதவர் மீது பறிமுதலைச் சுமத்தலாகாது என்று பாரி நகரின் புந்தா பெரோத்தி வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தபோது, கேள்வி இன்னும் சிக்கலானது.

தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் மறுமுனையிலிருந்து இதே சிக்கலைத் தொடுகின்றன. இங்கே தாள் இல்லாத மனை. அங்கே தாள் உள்ள மனை. இரண்டிலும் பரிசீலனையின் தோல்விக்கு விலை கொடுப்பவர் கடைசியாக வாங்கியவர். தனியார் மனுவால் நிலப்பயன் மாறும் ஒவ்வொரு முறையும் மனுதாரரின் பெயரும், அவர் பெயரில் ஏற்கெனவே உள்ள அனுமதிகளும் நகராட்சி மன்றத்தின் முன் ஒரே பட்டியலாக வைக்கப்பட வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். மனை வாங்கப் போகிறவர் இங்கே முதலில் கேட்பது “டிடிசிபி அப்ரூவ்டா?”, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டா என்றுதான். பீட்சோ செல்லாவில் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் ஆம் என்றே பதில் வந்திருக்கும்.