மலைநாட்டுச் சிங்கோனா

வட்டவளையைக் கடந்து ஹட்டனை நோக்கி ஏறும் புகைவண்டிப் பாதையில் றொசல்ல என்னும் சிறு நிலையம் உண்டு. அதன் சுற்றுப்புறம் இன்று தேயிலைக்கே உரியது. ஆயினும், கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றுவதற்கு இடைப்பட்ட காலத்தில், டிக்கோயா முதலிய மலைப்பகுதிகளில் வேறொரு பயிர் பெருவாழ்வு பெற்று, விரைவிலேயே வீழ்ந்தது. அதுவே சிங்கோனா. ஒரு மருந்துமரத்தை வளர்ப்பது வேறு, அதனுள் உறையும் பொருளை அறிந்து வளர்ப்பது வேறு என்பதை அதன் வரலாறு உணர்த்துகின்றது.

சிங்கோனா தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலுக்கு உரியது. அதன் பட்டை குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் அறிந்தனர். 1820ஆம் ஆண்டில் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். குயினிடீன், சிங்கோனின், சிங்கோனிடீன் என்பனவும் அதில் உள்ள ஏனைய முதன்மையான அல்கலோயிட்டுகளாகும். மலேரியாக் கிருமி செங்குருதிக் கலத்தினுட் புகுந்து, அங்குள்ள ஈமோகுளோபினை உண்டு வாழ்வது. அவ்வுணவில் எஞ்சும் நச்சுப் பொருளை அது தீங்கற்ற மணிகளாக மாற்றிக்கொள்ளும். கொயினா அம்மாற்றத்தைத் தடுப்பதால், தான் உண்ட உணவின் நஞ்சினாலேயே கிருமி மடிகின்றது என்பர் அறிஞர்.

1861ஆம் ஆண்டில் சிங்கோனாவைப் பயிரிட்டு ஆராய்வதற்கென்றே ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. பேராதனைத் தோட்டத்தின் தலைவரான துவைற்றிசு கன்றுகளை இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோதும், கோப்பியின் ஊதியத்தில் திளைத்த துரைமார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய பின்னரே அவர்கள் சிங்கோனாவை நாடினர். 1883 அளவில் ஏறத்தாழ 64,000 ஏக்கரில் அது பரவியது. 1886இல் ஏற்றுமதியான பட்டை 150 இலட்சம் இறாத்தலை எட்டியது.

அம்மரங்களை நட்டுப் பட்டை சீவியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரையுள்ள காட்டுவழியில், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் உற்றாரைப் பறிகொடுத்து மலையேறியோர் அவர்களுட் பலர். காய்ச்சலுக்கு உற்ற மருந்து அவர்கள் கையாலேயே உரிக்கப்பட்டு, காய்ந்து, மூட்டையாகி, இலண்டன் சந்தைக்குச் சென்றது.

இப்பெருவாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. பொலிவியாவில் மனுவேல் இன்கிரா மாமானி என்னும் பழங்குடித் தொழிலாளி தேர்ந்து சேகரித்த விதைகளை, சார்ள்சு லெட்சர் என்னும் ஆங்கில வணிகர் 1865இல் விற்க முயன்றார். பிரித்தானிய அரசு அவற்றை வாங்க மறுத்தது. ஒல்லாந்தர் ஒரு பகுதியை வாங்கி ஜாவாவில் விதைத்தனர். அம்மரங்களின் பட்டையில் நூற்றுக்குப் பத்து வீதத்திற்கு மேலும் கொயினா இருந்தது. ஒல்லாந்தர் மரங்களின் பட்டையைச் சோதித்து, கொயினா மிகுந்தவற்றையே பெருக்கினர். இலங்கையிலோ, எளிதில் வளர்வதும் கொயினா குறைந்ததுமான செம்பட்டை இனமே பெரும்பரப்பில் நடப்பட்டது. பட்டை சந்தையிற் குவியவே விலை சரிந்தது. துரைமார் மரங்களைப் பிடுங்கி எறிந்து தேயிலையை நட்டனர். உலகின் கொயினா வாணிகம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது.

இதன் விளைவை இலங்கை அரை நூற்றாண்டின் பின்னர் அனுபவித்தது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளைச் சூறையாடி, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. உயர்ந்த தேயிலை மலைகள் பெரும்பாலும் தப்பின. ஒருகாலத்தில் உலகிற்கே பட்டை அனுப்பிய தீவு, தன் மக்களின் உயிர்காக்கும் கொயினாவைக் கடல்கடந்து பெறவேண்டியதாயிற்று.

2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. எனினும் சிங்கோனா புகட்டிய பாடம் பழையதாகிவிடவில்லை. நீரிழிவுக்கு இலங்கை மக்கள் நெடுங்காலம் கையாண்டுவரும் கொத்தலஹிம்புட்டுக் கொடியிலிருந்து, சலசினோல், கொத்தலனோல் என்னும் பொருள்களை 1990களின் பிற்பகுதியில் பிரித்தறிந்தவர்கள் ஜப்பானிய அறிஞர்கள். மாச்சத்தையும் சர்க்கரையையும் குடலிற் சிதைக்கும் நொதியங்களை அவை தடுக்கின்றன. மூலிகை வளரும் நாட்டிலேயே அதனை ஆராயும் அறிவும் வளர்தல் வேண்டும். அறிவு பிறரிடமும் உழைப்பு மட்டும் இங்குமாக இருக்குமாயின், சிங்கோனாவின் கதை மற்றொரு பெயரில் மீளவும் நிகழும்.