பறவையின் பெயர் பெற்ற நுண்ணுயிரி: மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைப்பாட்டு வரலாறும் செங்கற்பட்டுக் களஆய்வும்

முன்னுரை

உயிர்களை எந்த அளவுகோலால் பகுக்கிறோம் என்பதே பகுப்பின் பயனைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பிய மரபியல் அறிவின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. நுண்ணுயிரியலோ தொடக்கத்தில், ஒரு கிருமி எவ்வுயிரிடம் நோயை உண்டாக்கியதோ அவ்வுயிரையே பெரிதும் அளவுகோலாகக் கொண்டது. பறவைகளிடமும் மனிதரிடமும் காணப்படும் மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்னும் சிற்றினத்தின் வரலாறு அவ்வளவுகோலின் பயனையும் குறையையும் காட்டுகிறது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி, காஞ்சிபுரத்தை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நிகழ்ந்தது. அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பிரிப்பும்

1882-இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். பறவைகளின் காசநோய்க்கும் அதே கிருமியே காரணம் எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. 1890-ஐ ஒட்டி ரிவோல்ட்டா, மஃபூச்சி முதலியோர் இரண்டும் வேறு எனக் காட்டினர். பறவைக் கிருமி, மனிதக் கிருமி வளராத உயர் வெப்பநிலையிலும் வளர்ந்தது. மனிதக் கிருமியால் எளிதில் மடியும் கினிப்பன்றி, பறவைக் கிருமியைப் பெரிதும் தாங்கி நின்றது. 1901-இல் செஸ்டர் அதற்கு மைக்கோபாக்டீரியம் ஏவியம் எனப் பெயரிட்டார். இலத்தீனில் ஏவியம் என்பது ‘பறவைகளுடைய’ எனப் பொருள்படும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை ஒத்த கிருமிகள் மனிதரிடமும் கண்டறியப்பட்டன. 1949-இல் ஒரு குழந்தையின் நோயிலிருந்து பிரிக்கப்பட்ட கிருமி முதலில் நோகார்டியா பேரினத்தில் வைக்கப்பட்டது. 1965-இல் ரன்யன் அதனை மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலாரே என மாற்றினார். அமெரிக்காவின் பேட்டி மருத்துவமனை நோயாளிகளிடம் காணப்பட்ட ‘பேட்டிக் கிருமி’யும் இதுவே. இவ்விரு சிற்றினங்களையும் பிரித்தறிவது கடினமாக இருந்தமையால், அவை ‘ஏவியம் தொகுதி’ எனச் சேர்த்தே வழங்கப்பட்டன.

செங்கற்பட்டுக் களஆய்வு

1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியது. 2,50,000-க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ அதனை ஒத்த மருந்தற்ற ஊசியோ இடப்பட்டது. 1979-இல் வெளிவந்த முதல் அறிக்கை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை எனத் தெரிவித்தது. 1999-இல் வெளியான 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவும் அதனை மாற்றவில்லை. (குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் போன்ற கடுங்காசநோய்க்கு எதிராகப் பி.சி.ஜி. பயன்படுவதால், அது இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு இடப்படுகிறது.)

இத்தோல்விக்கான விளக்கத்தில்தான் வகைப்பாடு முதன்மை பெற்றது. பேட்டிக் கிருமியிலிருந்து உருவாக்கிய தோல்சோதனைப் பொருளுக்கு, இளம்பருவத்தை எட்டுமுன்பே இம்மக்களுள் பெரும்பாலோர் எதிர்வினை காட்டினர். 1981-இல் இப்பகுதி மக்களின் சளியிலிருந்து பிரித்த காசநோய் சாராத மைக்கோபாக்டீரியங்களுள் ஏவியம் தொகுதியும் அதனை ஒட்டிய ஸ்க்ரோஃபுலேசியமும் முன்னின்றன. பின்னர் மண், நீர், தூசி ஆகியவற்றிலிருந்தும் இத்தகைய நுண்ணுயிரிகள் பிரிக்கப்பட்டன. சூழலிலுள்ள மைக்கோபாக்டீரியங்கள் முன்னரே ஓரளவு எதிர்ப்பாற்றல் அளிப்பதால், தடுப்பூசியின் கூடுதல் பயன் மறைந்துபோகலாம் என்பது பாமர், லாங் ஆகியோர் 1966-இல் கினிப்பன்றி ஆய்வால் முன்வைத்த கருத்து. செங்கற்பட்டின் முடிவுக்கும் அது பொருத்திப் பார்க்கப்பட்டது. எனினும் அது கருதுகோளே, நிறுவப்பட்ட முடிவன்று.

வேடந்தாங்கல் அமைந்த மாவட்டத்தில் ‘பறவைக் கிருமி’ கிடைத்தது என்றால், பறவைகளே மூலம் என எண்ணத் தோன்றும். ஆனால் மண்ணும் நீரும் தூசியும் தந்த சான்று, இக்கிருமிகளின் இருப்பிடத்தைச் சூழலிலேயே தேடச் செய்கிறது.

பெயரைத் திருத்துதல்

1990-இல் தொரெல் குழுவினர் ஏவியத்தை ஏவியம், பாராடியூபர்குளோசிஸ், சில்வாட்டிகம் என மூன்று துணைச்சிற்றினங்களாகப் பகுத்தனர். 2002-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று, மனிதரிடமும் பன்றிகளிடமும் கிடைத்தவற்றுக்கு ‘ஹோமினிசூயிஸ்’ என்னும் தனிப்பெயரை முன்மொழிந்தது. பறவைகளிடமிருந்து கிடைத்தவை மரபணு அமைப்பில் ஒரே சீராக இருந்தன; மனிதரிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் கிடைத்தவை பல்வகைப்பட்டிருந்ததோடு, 24 முதல் 45 பாகை செல்சியஸ் வரை வளர்ந்தன. பறவையின் பெயரைத் தாங்கிய மனிதக் கிருமிகளுட் பெரும்பாலானவை பறவைக்குரியவை அல்ல என்பது இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்குப்பின் பெயரிலும் பதிவாயிற்று.

முடிவுரை

முதலில் கண்ட இடத்தைக்கொண்டு இட்ட பெயர், அவ்வுயிரின் வாழிடத்தைக் கூறுவதாகாது. செங்கற்பட்டு ஆய்வு தொடங்கிய காலத்தில் ஹோமினிசூயிஸ் என்னும் பகுப்பு இல்லை. ஆதலின் அன்றைய பதிவுகளில் ‘ஏவியம்’ எனக் காணப்படுவதை இன்றைய பொருளில் அப்படியே கொள்ளலாகாது. பழைய ஆய்வேடுகளைப் பயன்படுத்துவோர், ஒவ்வொரு பெயரும் எவ்வாண்டின் அளவுகோலால் இடப்பட்டது என முதலில் தெளிதல் வேண்டும்.