திருநாள் என்னும் சொல்லும் இரு அரசுரிமைகளும்

திருவனந்தபுரத்தில் ‘திருநாள்’ என்னும் சொல்லுக்கு இரு வாழ்வு உண்டு. சுவாதித் திருநாள், சித்திரைத் திருநாள் எனப் பிறந்த நட்சத்திரத்தோடு இணைந்து திருவிதாங்கூர் மன்னர்களின் பெயராக நிற்கிறது. கடற்கரைக் கத்தோலிக்கரிடம் ஆலய விழாவைக் குறிக்கிறது. சங்குமுகத்திற்கு வடக்கே வெட்டுக்காட்டில், நவம்பரில் நடைபெறும் கிறிஸ்துராஜத் திருநாளில் இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

தொன்மையான தமிழில் ‘இறைவன்’ கடவுளையும் அரசனையும் ஒருங்கே சுட்டும். ‘கோயில்’ அரண்மனையும் ஆகும். ‘இறை’ என்பதற்கு வரி என்றும் பொருள் உண்டு. இம்மூன்றாவது பொருளை ஆய்வாளர்கள் எளிதில் கடந்துவிடுகின்றனர். தலைவரியும் வலைவரியும் செலுத்திய எளிய மக்கள் அவ்வாறு கடந்திருக்க இயலாது. அவர்கள் அறிந்த அரசன் பெறுபவன்.

1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் அரசை ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, தாம் ‘பத்மநாபதாசன்’ ஆனார். அரசன் அடியவன் என்னும் கருத்து ஆழமானது. அதை வெறும் அரசியல் தந்திரம் என ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. ஆயினும் அடியவனின் கையில் வாள் இருந்தது. இன்றும் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் செல்லும்போது, அரச குடும்பத் தலைவர் வாளேந்தி நடக்கிறார்.

ஒப்படைப்பு நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில், 1752 ஜனவரி 14 அன்று, அவ்வரசின் முன்னாள் அலுவலர் நீலகண்ட பிள்ளை ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர் அவர். தண்டனைக்குக் காரணம் மதமாற்றமா, வேறு குற்றச்சாட்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார் என்பது மரபுச் செய்தி. இந்தக் காட்சியின் இலக்கணம் கவனிக்கத்தக்கது: அது அரச பவனியின் தலைகீழ் வடிவம். முள்முடியும் செவ்வாடையும் அணிவித்து இயேசுவை ஏளனம் செய்த படைவீரர்கள் கையாண்டதும் அதே இலக்கணம்தான். யோவான் நற்செய்தியின்படி, அவரை அரசர் என எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் அறிவித்தது சிலுவையில் அறைந்த குற்றப் பலகையே. ஏளனத்துக்காகச் சொல்லப்பட்டதை நம்பிக்கையாளர்கள் உண்மையென ஏற்றனர்.

கிறிஸ்து அரசர் விழாவைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1925 டிசம்பரில் நிறுவினார். முதல் உலகப்போரில் ஐரோப்பியப் பேரரசுகள் சரிந்திருந்தன. இத்தாலியில் முசோலினி எழுந்திருந்தார். எனவே விழாவின் தொடக்கக் குரலில் திருச்சபையின் அதிகாரக் கவலையும் கலந்தே ஒலித்தது. பெயரில் மட்டும் அரியணை இருந்தால், துன்புற்ற அரசரையும் மற்றொரு பேரரசராக்கிவிடலாம்.

வெட்டுக்காட்டில் அவ்விழா வேறு நிலத்தில் வேரூன்றியது. இக்கடற்கரைச் சமூகம் பதினாறாம் நூற்றாண்டில் சவேரியாரின் பணியோடு கத்தோலிக்கம் தழுவியது. போர்த்துகீசியரின் பாதுகாப்பும் அதற்கொரு காரணம். வலையோடும் கடலோடும் போராடும் அம்மக்கள் இந்த அரசரிடம் கொண்டுவருவது கடனையும் நோயையும் திரும்பி வராத படகையும். பிற சமயத்தாரும் அங்கு வருகின்றனர். இறைவன் என்னும் பழஞ்சொல் இங்கே தன் மூன்றாம் பொருளை உதிர்த்துவிடுகிறது.

தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ளது. மன்னராட்சி 1949இல் கொச்சியுடனான இணைப்போடு முடிந்தது. இன்று வெட்டுக்காட்டுத் திருநாளுக்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்பது அரசின் வழக்கம்.