இரண்டு பதிவேடுகளும் ஒரு விடுபட்ட வரியும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பேச்சுக்கு நடுவே அலுவலகத்திலிருந்து அழைப்பு வரவே, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். திரையில் இடப்பக்கம் ஒரு நிரல், வலப்பக்கம் அதே நிரல். சில வரிகள் சிவப்பாக, சில வரிகள் பச்சையாக.

"என்னம்மா இது, விடைத்தாள் திருத்தின மாதிரி இருக்கே?" என்றேன்.

"கிட்டத்தட்ட அதேதான் சார். நேற்று இருந்த கோப்புக்கும் இன்று இருக்கும் கோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். இதற்கு எந்தக் கருவியை வைத்துக்கொள்வது என்று எங்கள் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை" என்றாள்.

அவள் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் 1987ஆம் ஆண்டு நான் செய்த ஒரு தவறு.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு பழசாகிக் கிழியத் தொடங்கியிருந்தது. புதுப் பதிவேட்டில் படியெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பக்கத்தில் 41 பிள்ளைகள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதலில் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். பிறகு பிறந்த தேதிகளை மேலிருந்து கீழாக எழுதினேன். 17ஆம் பிள்ளையின் தேதியை விட்டுவிட்டேன். 18ஆம் பிள்ளையின் தேதி 17க்குப் போனது, 19இன் தேதி 18க்குப் போனது. இப்படியே கடைசி வரை. முடிவில் 41ஆம் இடம் காலியாக இருந்தது. 'அடடா, இதை எழுத மறந்துவிட்டேன் போல' என்று பழைய பதிவேட்டைப் பார்த்து அந்தத் தேதியை எழுதினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. மேலே பத்து வரியும் கடைசி வரியும் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

நடுவில் 24 பிள்ளைகள் அடுத்த பிள்ளையின் பிறந்த தேதியோடு இருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி சேருமுன் திருத்திவிட்டோம். ஒருவனுக்கு மட்டும் தவறான தேதி மாற்றுச் சான்றிதழ் வழியாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போய்விட்டது. பத்து மாதம் மூத்தவனாகிவிட்டான். பிற்காலத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது வயது வரம்பை அந்தப் பத்து மாதம் தாண்டியது. அவன் வந்து என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது.

மாணவியின் திரையைப் பார்த்தபோது தோன்றிய கேள்வி இதுதான்: இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு 'இந்த வரி விடுபட்டது' என்று சொல்ல ஒரு கருவிக்கு எப்படித் தெரிகிறது? ஒரு வாரம் தேடித் தேடி வாசித்தேன். நான் தெரிந்துகொண்டதை என் நடையில் சொல்கிறேன். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் தவறிருந்தால் திருத்துங்கள்.

கணினிக்கு முன்பே இந்த வேலை உண்டு. ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்ப்பது அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் சார்ல்டன் ஹின்மன் என்ற அறிஞர் ஷேக்ஸ்பியரின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பின் பல பிரதிகளை ஒப்பிட, கண்ணாடிகளும் விளக்குகளும் கொண்ட ஓர் எந்திரத்தையே உருவாக்கினார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கம் ஒரே இடத்தில் மாறி மாறித் தெரியும். வேறுபட்ட எழுத்து மட்டும் துடிப்பதுபோல் கண்ணில் படும். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்துப் பிரதிகளைக் கொண்டு அவர் செய்த அந்த ஆய்வு 1963இல் நூலாக வந்தது.

அந்த எந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு பக்கங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்க வேண்டும். ஒரு வரி கூடுதலாக நுழைந்தால் அதற்குக் கீழே எல்லாமே துடிக்கும். என் பதிவேட்டின் கதையும் அதுதானே?

கணினியிலும் முதலில் வந்தது இதே வகைதான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே 'சிஎம்பி' என்ற சிறு நிரல் இருந்தது. இரண்டு கோப்புகளையும் ஒத்துப் பார்த்து, மாறும் இடத்தைச் சொல்லும். 'இரண்டும் ஒன்றா, இல்லையா' என்ற கேள்விக்கு அது போதும். 'என்ன மாறியது' என்ற கேள்விக்குப் போதாது.

அதே ஆய்வகத்தில் மைக் லெஸ்க் என்பவர் வரிக்கு வரி மாற்றங்களைக் காட்டும் ஒரு நிரல் எழுதினார். அதன் பெயர் 'ப்ரூஃப்'. அச்சகத்தில் நாம் சொல்லும் அதே ப்ரூஃப்தான்! ஆனால் உத்தேசமான உத்திகளை நம்பியிருந்த இந்த ஆரம்பகால நிரல்களின் முடிவுகளை முழுதாக நம்ப முடியவில்லை.

நம்பும்படியான கருவியைக் கொண்டுவந்தவர் டக்ளஸ் மெக்கில்ராய். ஒரு நிரலின் விடையைக் குழாய் வழியே அடுத்த நிரலுக்கு அனுப்பும் யோசனையும் இவருடையதே. ஸ்டான்ஃபோர்டு மாணவரான ஜேம்ஸ் ஹன்ட் முதல் மாதிரியை எழுதிப் பார்த்தார். மெக்கில்ராய் முழுதாக எழுதி முடித்த நிரல் 1974இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. பெயர் 'டிஃப்'. 1976இல் இருவரும் சேர்ந்து அதன் வழிமுறையை அறிக்கையாக வெளியிட்டார்கள்.

வழிமுறையின் அழகு என்னவென்றால், அது வித்தியாசத்தைத் தேடுவதில்லை. ஒற்றுமையைத்தான் தேடுகிறது. இரண்டு பட்டியல்களிலும் அதே வரிசையில் வரும் வரிகளில் மிக நீளமான பொதுத் தொகுதி எது என்று முதலில் கண்டுபிடிக்கிறது. அதில் சேராமல் முதல் கோப்பில் மிஞ்சுபவை நீக்கப்பட்டவை. இரண்டாம் கோப்பில் மிஞ்சுபவை சேர்க்கப்பட்டவை. அவ்வளவுதான்.

என் பதிவேட்டில் இதைப் போட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி ஒப்பிட்டால் '24 தவறு' என்று வரும். டிஃப் முறையில் 40 தேதிகள் வரிசை மாறாமல் பொதுவாக இருக்கின்றன. ஆகவே அது சொல்வது: 17ஆம் வரி நீக்கம், கடைசியில் ஒரு வரி சேர்க்கை. முதல் விடை விளைவுகளை எண்ணுகிறது. இரண்டாவது விடை காரணத்தைக் காட்டுகிறது. ஒரு பிள்ளை கணக்கில் தொடக்கத்தில் ஒரு தப்புச் செய்து பத்து படிகளிலும் தவறான எண் வந்திருந்தால், பத்து இடத்தில் சுழிப்பவர் நல்ல ஆசிரியர் இல்லை. முதல் தப்பில் விரல் வைப்பவர்தான் நல்ல ஆசிரியர்.

அன்றைய கணினியில் இதைச் செய்வது சுலபமாக இருக்கவில்லை. யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11 ஒரு 16 பிட் எந்திரம். ஒரு முகவரியால் 64 கிலோபைட்டுக்கு மேல் சுட்ட முடியாது. 1,000 வரிகளை 1,000 வரிகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினால் 10 லட்சம் ஒப்பீடுகள். ஆகவே ஒவ்வொரு வரியையும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கி, அந்த எண்களை ஒப்பிட்டார்கள். தேர்வறையில் பெயருக்குப் பதில் பதிவெண் வைத்து வேலை செய்வதுபோல.

1986இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்த யூஜின் மயர்ஸ் இன்னும் வேகமான முறையை வெளியிட்டார். வித்தியாசம் குறையக் குறைய வேலையும் குறையும் என்பது அதன் சிறப்பு. அதே மயர்ஸ்தான் பிறகு மரபணு வரிசைகளைத் தேடி ஒப்பிடும் 'ப்ளாஸ்ட்' என்ற முறையை 1990இல் வெளியிட்டவர்களில் ஒருவர். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பணியிலும் முக்கியப் பங்காற்றினார். நிரலின் வரிகளை ஒப்பிடும் கணக்கும் உயிரின் எழுத்துகளை ஒப்பிடும் கணக்கும் உறவினர்கள்! புரதங்களை ஒப்பிட நீடில்மன், வுன்ஷ் இருவரும் 1970லேயே இதுபோன்ற ஒரு வழியைச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த படி 1985. லாரி வால் என்பவர் 'பேட்ச்' என்ற நிரலை எழுதினார். டிஃப் தரும் வித்தியாசப் பட்டியலை மட்டும் கொடுத்தால் போதும், பழைய கோப்பை அது புதிதாக்கிவிடும். சுற்றியிருக்கும் வரிகளைப் பார்த்து, இடம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும். முழுப் புத்தகத்தையும் அனுப்பாமல் பிழைதிருத்தப் பட்டியலை மட்டும் அனுப்பும் வசதி இது. 1990இல் வெய்ன் டேவிசன் பட்டியலை இன்னும் சுருக்கமான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நீக்கியதற்குக் கழித்தல் குறி, சேர்த்ததற்குக் கூட்டல் குறி. இன்றும் அதே வடிவம்தான். ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள் மின்னஞ்சலில் இந்தப் பட்டியல்களை அனுப்பி அனுப்பித்தான் லினக்ஸ் வளர்ந்தது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' மென்பொருளிலும் வித்தியாசம் காட்ட இயல்பாக இயங்குவது மயர்ஸ் முறையை ஒட்டியதே.

இனி என் மாணவியின் சண்டைக்கு வருகிறேன். எந்தக் கருவி நல்லது? வரலாற்றை வாசித்தபின் எனக்குப் பட்டது, கருவியின் பெயரைக் கேட்குமுன் வேலை என்ன என்று கேட்க வேண்டும்.

படி சரியாக வந்ததா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் சிஎம்பி போதும். நிரலில் என்ன மாறியது என்று தெரிய டிஃப், கிட். பக்கத்துப் பக்கத்தில் வண்ணத்தோடு பார்க்க வேண்டுமானால் வின்மெர்ஜ், மெல்ட் போன்றவை. கட்டுரையோ கடிதமோ என்றால் சொல்லுக்குச் சொல் காட்டும் வசதி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காற்புள்ளிக்காகப் பத்தி முழுவதும் சிவப்பாகிவிடும். ஒரே மூலத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தியிருந்தால் மூன்றையும் வைத்து ஒப்பிட வேண்டும். மூலம் இல்லாமல் இரண்டை மட்டும் பார்த்தால், ஒருவர் சேர்த்ததா மற்றவர் நீக்கியதா என்று சொல்லவே முடியாது. இதற்கென 'டிஃப்3' என்ற நிரல் 1979லேயே யுனிக்ஸில் இருந்தது. இன்றைக்கு கேடிஃப்3 போன்றவை உண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் கருவிக்கு இரண்டும் வேறு. ஆகவே ஒப்பிடுமுன் இரண்டு கோப்புகளையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் வரி முடியும் விதமும் லினக்ஸில் வரி முடியும் விதமும் வேறு என்பதால், ஓர் எழுத்துகூட மாறாத கோப்பு முழுவதும் மாறியதாகத் தெரிவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இத்தகைய வேறுபாடுகளைக் காட்டவும் வேண்டும், வேண்டியபோது மறைக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

கருவிக்கும் ஒரு தேர்வு வையுங்கள். ஒரு கோப்பைப் படியெடுத்து, அதில் நீங்களே ஐந்து மாற்றம் செய்யுங்கள். ஒரு வரியை நீக்குங்கள், ஒன்றைச் சேருங்கள், ஒரு பத்தியை இடம் மாற்றுங்கள், ஒரு எண்ணைத் திருத்துங்கள், ஒரு இடைவெளியைக் கூட்டுங்கள். எந்தக் கருவி அந்த ஐந்தையும் உங்களுக்குப் புரியும்படி காட்டுகிறதோ அது தேறிவிட்டது. இடம் மாறிய பத்தியில் பல கருவிகள் தடுமாறும். ஓரிடத்தில் நீக்கம், இன்னோரிடத்தில் சேர்க்கை என்றுதான் சொல்லும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்தக் கருவியும் 'இது வேறு' என்று மட்டுமே சொல்லும். 'இதுதான் சரி' என்று சொல்லாது. பழைய பதிவேட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் என் தவறு எவருக்கும் தெரிந்திருக்காது. மூலத்தைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் ஒப்பீடு பயன்படும்.

1987இல் என்னிடம் கணினி இல்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டு, 'நீங்கள் படியுங்கள், நான் சரிபார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால் இருபது நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த இருபது நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

தம்பி, நீயும் இந்தப் பக்கத்தை வாசிப்பாய் என்று தெரியும். நீ எப்போதோ மன்னித்துவிட்டாய். ஆனாலும் எல்லார் முன்னிலையிலும் ஒரு முறை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தவறு என்னுடையதப்பா.

மற்ற பிள்ளைகளுக்கு: உங்கள் வீட்டுக் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளியில் எழுதியிருக்கும் தேதியையும் இன்றே பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். ஒருவர் படியுங்கள், ஒருவர் சரிபாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்